பனிச்சறுக்குப் பயிற்றுநர் சான்றிதழ்: கடிகாரமும் தேர்வாளரின் கண்ணும்

கேள்வி: பத்து ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கச் சங்கத்தில் பனிச்சறுக்குப் பயிற்றுநருக்கான இரண்டாம் நிலைச் சான்றிதழ் பெற்றேன். நடுவில் சில ஆண்டுகள் கற்பிக்கவில்லை. இப்போது தரங்கள் எல்லாம் மாறிவிட்டன என்கிறார்கள். என்ன மாறியது, எதற்காக மாறியது? என் சான்றிதழ் இன்னும் செல்லுமா? அதை வைத்துக்கொண்டு ஐரோப்பாவில் வேலை பார்க்க முடியுமா?

பதில்:

உங்களுக்கு முதலில் வேண்டியது கடைசி இரண்டு கேள்விகளுக்கான விடைதான் என்று நினைக்கிறேன். சந்தாவையும் தொடர்கல்வியையும் விடாமல் வைத்திருந்தால் சான்றிதழ் செல்லும். தரம் மாறியதற்காகப் பழையவர்களின் நிலையைப் பறிப்பது இந்தத் தொழிலில் வழக்கமில்லை. ஐரோப்பாவைப் பொறுத்தவரை, அந்தச் சான்றிதழ் உங்களை நல்ல பயிற்றுநர் என்று காட்டும். வேலை செய்யும் உரிமையைத் தராது. ஏன் இப்படி என்பதற்குத்தான் இந்த நீண்ட பதில்.

பனிச்சறுக்குப் பயிற்றுநரைத் தேர்வு செய்வது என்றால், நெடுங்காலம் அதற்கு ஒரே பொருள்தான்: எங்கள் நாட்டுப் பாணியில் சறுக்கிக் காட்டு. முதல் உலகப் போருக்கு முன்பே ஆஸ்திரியாவின் சாங்க்ட் அன்டோனில் ஹன்னஸ் ஷ்னைடர் கற்பிக்கத் தொடங்கி, பிறகு தம் பள்ளியில் படிப்படியான பாடமுறை ஒன்றை உருவாக்கினார். ஆப்பு வடிவத்தில் பலகைகளை விரித்து வேகத்தை அடக்குவதில் தொடங்கி, மெல்ல மெல்ல இரண்டு பலகைகளையும் இணையாக வைத்துத் திரும்புவதில் முடியும் முறை அது. ஆர்ல்பெர்க் முறை என்று உலகம் முழுவதும் பரவியது. 1930-களில் பிரான்சின் எமில் அலே அதை மறுத்து, ஆப்பு நிலையில் நெடுநேரம் நிற்க வைக்காமல் உடலைச் சுழற்றி இணையாகத் திரும்பும் வேறொரு முறையை முன்வைத்தார். ஆஸ்திரியாவின் ஷ்டெஃபான் க்ருக்கன்ஹவுசர் 1950-களில் இடுப்புக்குக் கீழே மட்டும் சுருக்கமாக அசையும் வேடெல்ன் முறையைக் கொண்டுவந்தார். எந்த முறை சரி என்பது அன்று வெறும் விளையாட்டுச் சங்கதி அல்ல; நாட்டு மானம் அதில் கலந்திருந்தது. 1951-இல் ஆஸ்திரியாவின் ஸ்யூர்ஸில் பல நாட்டுப் பயிற்றுநர்கள் முதன்முறையாகக் கூடினார்கள். இன்டர்ஸ்கீ மாநாடுகளின் தொடக்கம் அதுதான். அங்கே ஒவ்வொரு நாட்டுக் குழுவும் தன் பாணியைச் சரிவில் அணிவகுத்துக் காட்டியது. இன்றும் காட்டுகிறது.

இப்படிப்பட்ட உலகில் தேர்வாளரின் வேலை எளிது. வேட்பாளர் நம் பாணியில் இருக்கிறாரா இல்லையா என்று பார்ப்பார். பார்த்தவுடன் தெரிந்துவிடும். அல்லது தெரிந்துவிட்டதாக அவர் நினைப்பார்.

இதை முதலில் ஆட்டம் காண வைத்தது எந்தக் கல்விக் கோட்பாடும் அல்ல, பலகைதான். 1993-ஐ ஒட்டி ஸ்லோவேனிய நிறுவனமான எலான், நடுவில் நன்றாக ஒடுங்கி இரு முனைகளிலும் அகன்ற பலகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பத்தாண்டுக்குள் பழைய நேர்ப்பலகைகள் சரிவுகளிலிருந்து காணாமல் போயின. இரண்டு மீட்டரையும் தாண்டிய பலகை வைத்திருந்தவர்கள் தங்கள் உயரத்தை விடக் குட்டையான பலகைக்கு மாறினார்கள். இந்தப் பலகையைச் சாய்த்து விளிம்பில் நிறுத்தினாலே அது தானாக வளைந்து செல்லும். உடலை மேலே தூக்கி, எடையைக் குறைத்து, பலகையின் பின்முனையைச் சறுக்கித் திருப்ப வேண்டிய கட்டாயம் குறைந்தது. பழைய பாணியை முப்பது ஆண்டுகள் பழகியவர்கள் தேர்வாளர்களாக இருந்தார்கள். கல்லூரி மாணவர் ஒருவர் புதுப்பலகையில் ஒரே பருவத்தில் அவர்களை விடத் தெளிவான கோடு போட்டுக்கொண்டு இறங்கினார். பாணியே தரம் என்ற எண்ணம் அங்கே உடைந்தது. வெளித்தோற்றத்தை விட்டுவிட்டு, பலகை பனியில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டிய நிலை வந்தது.

நீங்கள் படித்த அமெரிக்க முறையில் ஐந்து அடிப்படைகள் என்று ஒரு பட்டியல் இருப்பது நினைவிருக்கும். உடலின் எடைமையத்தை முன்பின்னாக நகர்த்திப் பலகையின் நீளத்தில் அழுத்தத்தை வைப்பது. ஒரு பலகையிலிருந்து மற்றதற்கு அழுத்தத்தை மாற்றுவது. விளிம்பின் கோணத்தைக் கட்டுப்படுத்துவது. மேலுடல் வேறு, கால் வேறு என்று பிரித்துக் கால்களால் பலகையைத் திருப்புவது. பனி தரும் எதிர்விசையின் அளவைச் சீர்ப்படுத்துவது. இவற்றில் ஒன்றுகூடக் கை எங்கே இருக்க வேண்டும், முழங்கால்கள் ஒட்டியிருக்க வேண்டுமா என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தப் பட்டியலின் அருமையே அதுதான். பாணியைக் களைந்துவிட்டு இயற்பியலை மட்டும் வைத்துக்கொண்டது.

இரண்டாவது மாற்றம் கற்பித்தல் பற்றியது. இதில் என் சொந்தக் கதை ஒன்று உண்டு. என்னுடைய தேர்வு ஒன்றில் சறுக்கல் பகுதியில் நன்றாகவே செய்தேன். கற்பித்தல் பகுதியில் சக வேட்பாளர்களையே மாணவர்களாக வைத்து ஒரு பாடம் எடுத்தேன். முடிவு வந்தபோது தேர்வாளர் சொன்னது இரண்டே சொற்கள்: “இன்னும் வரவில்லை.” எது வரவில்லை என்று கேட்டேன். “வந்தால் உங்களுக்கே தெரியும்” என்றார். அந்த நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். பல ஆண்டுகள் கழித்து யோசித்தபோதுதான் புரிந்தது, அவர் சொன்னது சரிதான். பத்து நிமிடப் பாடத்தில் எட்டு நிமிடம் நானே பேசியிருந்தேன். ஆனால் அதைச் சொல்ல அவரிடம் சொல் இருக்கவில்லை. அவருக்கும் யாரும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

அந்தச் சொற்கள் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தன, சில ஆய்வுக்கூடங்களிலிருந்தும்கூட. 1998-இல் கபிரியேலே வுல்ஃபும் அவருடன் இருந்தவர்களும் ஒரு பனிச்சறுக்குப் போலிக்கருவியை வைத்து நடத்திய சோதனை இந்தத் துறையில் பெயர்பெற்றது. தண்டவாளத்தில் இடவலமாக ஓடும் மேடை மேல் நின்று சறுக்குவதைப் பழக வேண்டும். ஒரு குழுவிடம் வெளிக்காலால் அழுத்துவதில் கவனம் வையுங்கள் என்றார்கள். இன்னொரு குழுவிடம் அந்தக் காலுக்கு நேர் கீழே இருக்கும் சக்கரத்தை அழுத்துவதில் கவனம் வையுங்கள் என்றார்கள். காலும் சக்கரமும் ஒன்றன் கீழ் ஒன்றாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் சக்கரத்தை நினைத்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். “முழங்காலை மடக்கு, இடுப்பைத் திருப்பு” என்று உடலுறுப்புகளைப் பெயர் சொல்லி அழைத்தே காலம் தள்ளிய பயிற்றுநர்களுக்கு இது நல்ல குட்டு. “பெருவிரலை அழுத்து” என்பதற்குப் பதிலாக “பலகையின் விளிம்பு பனியில் கோடு கிழிக்கட்டும்” என்று சொல்லிப் பாருங்கள். குழந்தைகளிடம் உடனே வித்தியாசம் தெரியும்.

ஆக, நன்றாகச் சறுக்குவதும் நன்றாகக் கற்பிப்பதும் வேறு வேறு திறமைகள் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் தேர்வு முறை அதை ஒப்புக்கொள்ள நாளாயிற்று. 1961-இல் தொடங்கிய அமெரிக்கப் பயிற்றுநர் சங்கம் அண்மை ஆண்டுகளில் செய்ததன் சாரம் இதுதான். மனிதரைக் கையாளும் திறன், கற்பிக்கும் திறன், தொழில்நுட்பத் திறன் என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த நிலையில் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்று வாக்கியங்களாக எழுதி, வேட்பாளர்களுக்கும் தேர்வாளர்களுக்கும் ஒரே ஆவணமாகக் கொடுத்தார்கள். மதிப்பெண் ஒன்று முதல் ஆறு வரை. நான்கு என்றால் தேவையான கூறுகள் திருப்திகரமான அளவில் சீராகத் தென்படுகின்றன என்று பொருள். அதுதான் தேறும் கோடு. முன்பு ஒவ்வொரு பிராந்தியப் பிரிவும் தன் போக்கில் தேர்வு நடத்தியது. கிழக்கில் இரண்டாம் நிலை என்பதும் மேற்கில் இரண்டாம் நிலை என்பதும் ஒன்றா என்று பயிற்றுநர் அறைகளில் எப்போதும் ஒரு வாக்குவாதம் ஓடும். இப்போது நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல். சறுக்கலையும் கற்பித்தலையும் தனித்தனியே எழுதி, ஒன்றில் தேறியதை வைத்துக்கொண்டு மற்றதற்குப் பிறகு வரலாம்.

நீங்கள் திரும்பிப் போனால் உங்களை அதிகம் திகைக்க வைக்கப்போவது மனிதரைக் கையாளும் திறன் என்ற பகுதியாகத்தான் இருக்கும். மாணவரின் பேச்சைக் கேட்டீர்களா, அவருடைய பயத்தைக் கவனித்தீர்களா, உங்கள் தொனியை அதற்கேற்ப மாற்றினீர்களா என்றெல்லாம் மதிப்பெண் போடுவார்கள். இதையெல்லாம் அளக்க முடியுமா என்று மூத்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் முதலில் சந்தேகம்தான். ஆனால் அளவுகோல் துல்லியமாக இருப்பதற்காக மட்டும் பயன்படுவதில்லை. தேறாதவரிடம் “இன்னும் வரவில்லை” என்று சொல்லிவிட்டுப் போக முடியாமல், மூன்று முறை மாணவர் தம் முழங்கால் வலியைக் குறிப்பிட்டார், நீங்கள் அதே பயிற்சியைத் தொடர்ந்தீர்கள் என்று எழுதித் தர வேண்டியிருக்கிறது. அதற்காகவே இதை வரவேற்கிறேன்.

குறையும் உண்டு. எழுதி வைத்த பட்டியலைப் பார்த்து அதற்கேற்ப நடிக்கும் வேட்பாளர்கள் வந்துவிட்டார்கள். “உங்கள் இலக்கு என்ன?” என்று பாடத்தின் தொடக்கத்தில் கேட்பார்கள், பதிலைக் காதில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். பட்டியலில் கேள்வி கேட்க வேண்டும் என்று இருக்கிறது, கேட்டாகிவிட்டது. நல்ல தேர்வாளர் இதைப் பிடித்துவிடுவார். எல்லாரும் நல்ல தேர்வாளர்கள் அல்லவே.

இனி ஐரோப்பா. அங்கே கதை வேறு, ஏனென்றால் சட்டம் வேறு. அமெரிக்காவிலும் கனடாவிலும் பனிச்சறுக்குக் கற்பிக்க அரசு உரிமம் தேவையில்லை. யாரை வேலைக்கு வைப்பது என்பது மலைச்சரிவை நடத்தும் நிறுவனத்தின் முடிவு. சங்கத்தின் சான்றிதழ் சம்பளத்தையும் மதிப்பையும் கூட்டும், அவ்வளவுதான். பிரான்சில் காசு வாங்கிக்கொண்டு கற்பிப்பது சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்ட தொழில். உரிய தகுதி இல்லாமல் செய்தால் ஓராண்டு வரை சிறையும் 15,000 யூரோ வரை அபராதமும் விதிக்க அந்நாட்டு விளையாட்டுச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆஸ்திரியாவில் மாநிலத்துக்கு மாநிலம் பயிற்றுநர் சட்டம் உண்டு. மலைப்பகுதி நாடுகளில் இது ஒரு பொழுதுபோக்கு வேலை அல்ல, வாழ்நாள் தொழில். அதற்கு ஆண்டுக்கணக்கில் படிக்கிறார்கள். பிரான்சில் சாமொனியில் இருக்கும் தேசியப் பள்ளியில் பயிற்சி முடித்து வரும் ஒருவரை, வேறொரு நாட்டில் சில நாள் பயிற்சியில் முதல் நிலைச் சான்றிதழ் வாங்கியவரோடு ஒன்றாக நிறுத்தச் சொன்னால் கோபம் வரத்தான் செய்யும்.

மறுபக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாட்டவர் எந்த உறுப்பு நாட்டிலும் தொழில் செய்யலாம் என்பது ஒன்றியத்தின் அடித்தள வாக்குறுதி. 2005-இல் வந்த தொழில்தகுதி அங்கீகார ஆணை இதற்கு ஒரு பொது வழி வைத்தது. தகுதிகளில் பெரிய வேறுபாடு இருந்தால் தகுதித் தேர்வோ மேற்பார்வையில் பணியாற்றும் காலமோ கேட்கலாம். நடைமுறையில் இது ஒவ்வோர் ஆளுக்கும் ஒவ்வொரு வழக்கு என்றாகி, விண்ணப்பங்கள் இழுபட்டன. ஆகவே எல்லாருக்கும் பொதுவான ஒரு தேர்வு வைத்துவிட்டால் வழக்கு முடியும் என்று எண்ணினார்கள். முதலில் சில நாடுகள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்து பார்த்தன. பிறகு ஐரோப்பிய ஆணையம் 2019 மார்ச்சில் 2019/907 என்ற எண்ணுள்ள ஒழுங்குமுறையில் அதைச் சட்டமாக்கியது. ஒழுங்குமுறையில் குறிப்பிடப்பட்ட தேசியத் தகுதி ஒன்றை வைத்திருப்பவர், பொதுத் தேர்வின் இரண்டு பகுதிகளிலும் தேறிவிட்டால், இந்தத் தொழிலைச் சட்டத்தால் கட்டுப்படுத்தும் உறுப்பு நாடுகள் அவரைத் தாமாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டு பகுதிகளில் ஒன்று பாதுகாப்பு. மற்றது ஜயன்ட் ஸ்லாலம் வேகத் தேர்வு. பயிற்றுநர்களை இரவில் தூங்கவிடாதது இந்த இரண்டாவதுதான். ஐரோப்பியப் பயிற்றுநர்களுக்கு முன்பிருந்த யூரோடெஸ்ட் என்ற வேகத் தேர்விலிருந்து வந்த முறை இது. கம்பங்கள் நட்ட பாதையில், முன்னோட்டக்காரர்கள் எனப்படும் வேகக்காரர்கள் முதலில் இறங்குவார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் தரம் பார்த்து நிர்ணயித்த ஓர் எண் இருக்கும். அதைக் கொண்டு அவர்களுடைய நேரத்தைத் திருத்தி, உலகத்தரப் பந்தய வீரர் ஒருவர் இறங்கியிருந்தால் எவ்வளவு நேரமாகியிருக்கும் என்று ஓர் அடிப்படை நேரத்தைக் கணக்கிடுவார்கள். ஆண்கள் அதைவிட 18 விழுக்காட்டுக்கு மேல் தாமதிக்கக் கூடாது, பெண்கள் 24 விழுக்காட்டுக்கு மேல். அடிப்படை நேரம் 50 விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஆண் 59 விநாடிக்குள்ளும் பெண் 62 விநாடிக்குள்ளும் கடைசிக் கோட்டைத் தாண்ட வேண்டும். 59.01 என்றால் வீட்டுக்குப் போகலாம்.

சிறு வயதில் பந்தயப் பயிற்சி பெற்றவருக்கு இது எட்டக்கூடிய இலக்கு. இருபத்தைந்து வயதில் பனியைத் தொட்டவருக்கு மலை. அருமையான ஆசிரியர்கள் சிலர் பருவத்துக்குப் பருவம் பணத்தையும் முழங்காலையும் செலவழித்து, விநாடியின் சில பங்குகளில் தவறிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆறு வயதுக் குழந்தைக்கு ஆப்பு நிலையில் நிற்கக் கற்றுக்கொடுக்க இந்த வேகம் எதற்கு என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தேர்வை ஆதரிப்பவர்களிடமும் ஒரு பதில் உண்டு: இந்தத் தகுதி பெற்றவர் எந்தச் சரிவிலும் எந்த மாணவரையும் கூட்டிச் செல்லலாம், அப்படிப்பட்டவருக்குக் கடினமான பனியில், வேகத்தில், பலகை மேல் முழு ஆளுமை இருக்க வேண்டும். இதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் உண்மையான காரணம் வேறு என்பது என் கணிப்பு. ஒருவரையொருவர் நம்பாத பல நாடுகள் ஒத்துக்கொள்ளக்கூடிய ஒரே தேர்வாளர் கடிகாரம்தான். ஆஸ்திரியத் தேர்வாளர் பிரெஞ்சு வேட்பாளரின் கற்பித்தலுக்கு மதிப்பெண் போட்டால் மேல்முறையீடு வரும். கடிகாரத்தின் மேல் மேல்முறையீடு கிடையாது.

உங்கள் “எதற்காக” என்ற கேள்விக்கு நான் தரும் விடை இங்கேதான் இருக்கிறது. அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் ஒரே சிக்கல்: தேர்வாளரின் கண்ணை எப்படி நம்புவது? அமெரிக்கர்கள் அந்தக் கண்ணுக்கு ஒரு படிவத்தைக் கொடுத்து, பார்த்ததை எழுது என்றார்கள். ஐரோப்பியர்கள், எல்லை தாண்டும் உரிமை என்று வரும்போது, கண்ணையே ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டார்கள். படிவம் கற்பித்தல் முழுவதையும் தொடுகிறது, ஆனால் மனிதரைச் சார்ந்திருக்கிறது. கடிகாரம் யாரையும் சாரவில்லை, ஆனால் ஒரு நிமிடச் சறுக்கலை மட்டுமே தொடுகிறது. ஐரோப்பிய நாடுகளின் உள்நாட்டுப் பயிற்சியில் கற்பித்தலுக்குப் பெரிய இடம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பொதுத் தேர்வு அதன் மேல் ஏறி உட்கார்ந்த கூடுதல் வாயில். அதற்கு மாற்று அல்ல.

பாதுகாப்புப் பகுதியைப் பற்றி யாரும் அதிகம் சண்டை போடுவதில்லை. பயன் என்று பார்த்தால் எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது. பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் கருவிகள் உலகம் முழுவதும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. புதைந்தவர் உயிர் பிழைக்கும் வாய்ப்பு பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குப் பிறகு செங்குத்தாக இறங்கிவிடுகிறது. மீட்புக்குழு வரும்வரை காத்திருக்க நேரமில்லை, கூட இருப்பவர்தான் தோண்ட வேண்டும். ஆகவே பனி அடுக்குகளைப் படிப்பது, எந்தச் சரிவில் எந்த நாளில் குழுவை இறக்கக் கூடாது என்று முடிவெடுப்பது, கருவியால் தேடி எடுப்பது எல்லாம் தேர்வில் வருகின்றன. கீழ் நிலைகளிலும் முதலுதவி, குழந்தைகளின் பாதுகாப்பு, சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1967-இல் வகுத்த பத்து நடத்தை விதிகள் போன்றவை முன்பைவிட அழுத்தமாகக் கேட்கப்படுகின்றன.

பிரிட்டன் ஒன்றியத்தை விட்டுப் போனது இன்னொரு பாடம். 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டிஷ் பயிற்றுநர்களுக்கு ஒன்றியத்தின் தானியங்கி அங்கீகாரம் நின்றுபோயிற்று. உயர்ந்த நிலை, வேகத் தேர்வு எல்லாம் முடித்தவர்களும் நாடு நாடாகப் போய்க் கேட்க வேண்டியதாயிற்று. அவர்களுடைய திறமை முந்தின இரவில் குறைந்துவிடவில்லை. சான்றிதழின் எடை அதை ஏற்றுக்கொள்ளும் சட்டத்தில் இருக்கிறது என்பது அன்று பலருக்கு உறைத்தது.

உங்கள் நிலைக்கு வருவோம். ஐரோப்பிய வழி உங்களுக்குத் திறக்குமா என்பதை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கும். ஒன்றிய நாட்டுக் குடியுரிமை உண்டா? அந்த ஒழுங்குமுறை குறிப்பிடும் தகுதிகளில் ஒன்று கையில் உண்டா? இரண்டில் ஒன்று இல்லையென்றாலும், போக விரும்பும் நாட்டின் விதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு நாட்டில் கீழ் நிலையில் உதவிப் பயிற்றுநராக வேலை கிடைக்கும், பக்கத்து நாட்டில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். சர்வதேசப் பயிற்றுநர் சங்கத்தின் முத்திரை, அட்டை பற்றி யாராவது சொன்னால், அது பல நாடுகளில் மதிக்கப்படும் தர அடையாளம் என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அது வேலை அனுமதி ஆகாது. ஜப்பான், நியூசிலாந்து போன்ற இடங்களில் உங்கள் அமெரிக்க இரண்டாம் நிலையைக் கண்டுகொள்ளும் பள்ளிகள் இருக்கும். அங்கே சிக்கல் பெரும்பாலும் விசாவில்தான்.

அமெரிக்காவிலேயே தொடர்வதானால், இரண்டு ஆண்டுக்கு 12 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும் என்ற விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். விட்டுப்போயிருந்தால் மீளச் சேர்வதற்கு வழிமுறை உண்டு. சங்கத்திடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நிலையை மறுபடி எழுத வேண்டாம். ஆனால் இப்போதைய இரண்டாம் நிலைக்கான வழிகாட்டியை எடுத்து, அடுத்த பருவத்தில் நீங்கள் எடுக்கும் பாடம் ஒன்றை நம்பிக்கையான சக பயிற்றுநரை நிற்க வைத்து மதிப்பிடச் சொல்லுங்கள். கற்பித்தல், மனிதரைக் கையாளுதல் ஆகிய இரண்டு பகுதிகள் மட்டும் போதும். எனக்கு அப்படிச் செய்தவர் முதல் வரியாக எழுதியது: “பாடம் தொடங்கி நான்காவது நிமிடம் வரை மாணவர் ஒரு திருப்பமும் எடுக்கவில்லை.”